மைஎஸ்கியூஎல் கனெக்டர்/ஜே 5.1இலிருந்து 8, 9 வரிசைகளுக்கு: ‘தெரிந்த சிக்கல்கள்’ பக்கத்தையும் மாற்ற வழிகாட்டியையும் புதுப்பிக்கும் முறை

ஜாவாவில் எழுதிய பயன்பாடு மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் சர்வரோடு பேச நடுவில் நிற்கும் டிரைவர், அதாவது ஜார் கோப்புதான் கனெக்டர்/ஜே. 5.1 வரிசையை எடுத்துவிட்டு 8 வரிசை ஜாரை வைப்பது ஐந்து நிமிட வேலை. அந்த ஜாரைச் சுற்றி டீமுக்குள் எழுதி வைத்திருக்கும் ஆவணங்கள் பழைய பதிப்பையே பேசிக்கொண்டிருப்பதுதான் தொல்லை. இணைப்பு முகவரியின் வாலில் ஒட்ட வேண்டிய பண்புகள், ‘இந்த எரர் வந்தால் இதைச் செய்’ என்ற குறிப்புகள், சர்வர் மேம்படுத்தும் படிகள் எல்லாமே அதில் அடங்கும். அவற்றைச் சரிசெய்யாமல் டிரைவரை மட்டும் மாற்றினால், அடுத்த ஆறு மாதம் யாராவது ஒருவர் பழைய பக்கத்தைப் பார்த்துப் புது இடத்தில் தவறான மருந்தைப் போட்டுக்கொண்டே இருப்பார்.

பண்புப் பெயர்களையும் பிழைச்செய்திகளையும் இங்கே ஒலிப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். உங்கள் ஆவணத்தில் அவை லாகில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் மாறாமல் இருக்க வேண்டும்.

எது எந்தப் பக்கத்துக்கு

பெரும்பாலான டீம்களில் ‘தெரிந்த சிக்கல்கள்’ பக்கம் ஒரு குப்பைத்தொட்டி. தெரிந்ததையெல்லாம் அதில் போட்டு வைப்பார்கள். வேலையைத் தொடங்கும் முன் அதை இரண்டாகப் பிரித்தாக வேண்டும்.

எரர் காட்டும் சிக்கல்கள் ஒரு வகை. எரர் வந்தவர் அந்த வரியைக் காப்பி செய்து தேடுவார், பக்கம் கிடைக்கும், பிழைத்துக்கொள்வார். எந்த எரரும் காட்டாமல் மதிப்பை மட்டும் மாற்றிவிடும் சிக்கல்கள் இன்னொரு வகை. நேரம் ஐந்தரை மணி நேரம் தள்ளிப் பதிவாகும். வேறொரு டேட்டாபேஸின் டேபிளும் பட்டியலில் வந்து நிற்கும். இந்த இரண்டாம் வகையில் மாட்டியவர் உங்கள் பக்கத்தைத் தேடவே மாட்டார், ஏனென்றால் தனக்குச் சிக்கல் இருப்பதே அவருக்குத் தெரியாது. ஆகவே சத்தமில்லாத சிக்கல்களை ‘தெரிந்த சிக்கல்கள்’ பக்கத்தில் வைத்துப் பயனில்லை. அவை மாற்ற வழிகாட்டியில், தாண்டிப் போக முடியாத படியாக வர வேண்டும். எரர் காட்டுபவை மட்டும் சிக்கல்கள் பக்கத்தில் இருக்கட்டும். இந்தப் பிரிவினையைச் செய்து முடித்தாலே ஆவணத்தின் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பதிப்பு எல்லைகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

‘8.0இல் மாறியது’ என்று எழுதுவது போதாது. 8.0 என்பது ஒரே பதிப்பு அல்ல, 8.0.22க்கும் 8.0.23க்கும் நடுவில் நேரம் கையாளும் முறையே மாறிவிட்டது. ஆவணத்தின் ஒவ்வொரு வரியும் மூன்றாம் எண் வரை பதிப்பைச் சொல்ல வேண்டும். கையில் வைத்திருக்க வேண்டிய எல்லைகள் இவை:

– 6.0 என்று ஒரு வரிசை சோதனைப் பதிப்பாக வெளிவந்து, பிறகு சர்வர் எண்ணோடு ஒத்துப்போக 8.0 என்று பெயர் மாறியது. 7 என்ற வரிசையே கிடையாது. பழைய ஆவணத்தில் 6.0.6 என்று பார்த்தால் அதை 8.0இன் மூத்த உருவமாக எடுத்துக்கொள்ளுங்கள்; அதை ஓட்டுபவரும் மாற்றப் பட்டியலில் சேர வேண்டியவர்தான்.

– 8.0.13: இணைப்பு முகவரியில் யூடிஎஃப்-8 என்று கொடுத்தால் அது சர்வரின் நான்கு பைட் எழுத்துத்தொகுதியான யூடிஎஃப்8எம்பி4 ஆகவே போகும். அதற்கு முன் சர்வரின் இயல்பு எழுத்துத்தொகுதியைப் பொறுத்து மூன்று பைட் வகைக்கு இறங்கிவிடும். ஸ்மைலி மட்டுமல்ல, 2019இல் யூனிகோடு 12.0 சேர்த்த தமிழின் பின்னக் குறிகளும் நான்கு பைட் எழுத்துகள்தான். பழைய நில ஆவணங்களைத் தட்டச்சு செய்யும் மென்பொருள் இதில் நேராகப் போய் இடிக்கும்.

– 8.0.23: கனெக்ஷன்டைம்சோன் பண்பு வந்தது, பழைய சர்வர்டைம்சோன் அதன் மாற்றுப்பெயர் ஆனது. டேட்டைம் நெடுவரிசையை கெட்ஆப்ஜெக்ட் வழியாகப் படித்தால் டைம்ஸ்டாம்ப்புக்குப் பதில் லோக்கல்டேட்டைம் வரத் தொடங்கியது.

– 8.0.28: இணைப்பைக் குறியாக்கும் நெறிமுறையான டிஎல்எஸ்ஸின் 1.0, 1.1 பதிப்புகள் இரண்டும் டிரைவரிலும் சர்வரிலும் நீக்கப்பட்டன.

– 8.0.31: நூலகங்களை இறக்கித் தரும் கருவியான மேவனில் டிரைவரின் முகவரி மாறியது. குரூப் ஐடி ‘மைஎஸ்கியூஎல்’ என்பது ‘காம்.மைஎஸ்கியூஎல்’ ஆனது, ஜாரின் பெயர் ‘மைஎஸ்கியூஎல்-கனெக்டர்-ஜாவா’விலிருந்து ‘மைஎஸ்கியூஎல்-கனெக்டர்-ஜே’ ஆனது. பழைய முகவரியில் 8.0.33தான் கடைசி. அடுத்தது 8.1.0, அது புதிய முகவரியில் மட்டுமே கிடைக்கும்.

– சர்வர் பக்கம்: 8.4இல் மைஎஸ்கியூஎல்_நேட்டிவ்_பாஸ்வேர்ட் அங்கீகாரம் இயல்பாக அணைக்கப்பட்டது; 9.0இல் முற்றிலும் எடுக்கப்பட்டது.

இந்தக் கடைசி எல்லை ஆவணக்காரருக்கு மிக முக்கியம். ‘உள்நுழைய முடியவில்லையா, பயனரை நேட்டிவ் பாஸ்வேர்டுக்கு மாற்று’ என்ற குறிப்பு பல பக்கங்களில் இன்னும் தூங்குகிறது. 8.0இல் அது வேலை செய்தது. 8.4இல் தனியே இயக்கினால்தான் செய்யும். 9இல் செய்யவே செய்யாது. மருந்துக்கும் காலாவதித் தேதி உண்டு. அதைப் பதிவில் எழுத வேண்டும்.

மறுபடி வரவழைக்காமல் எழுதாதீர்கள்

பழைய பக்கத்தில் இருபது சிக்கல்கள் இருந்தால், அவற்றில் எத்தனை இன்றும் உயிரோடு இருக்கின்றன என்று யாருக்கும் நினைவிருக்காது. ஒவ்வொன்றையும் வரவழைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும். நான்கு டிரைவர்கள் போதும்: 5.1.49, 8.0.22, 8.0.33, 8.4.0. சர்வர்கள் மூன்று: 5.7, 8.0, 8.4. மொத்தம் 12 கட்டங்கள். சர்வர்களை டாக்கர் கன்டெய்னராக ஏற்றுங்கள். ஒரு சிக்கலுக்கு ஒரு சிறிய ஜாவா கிளாஸ்: இணைப்பைத் திறக்கும், ஒரு வரியை எழுதும், படிக்கும், அச்சிடும். அதற்கு மேல் எதுவும் வேண்டாம். ஸ்பிரிங், ஹைபர்நேட் போன்ற ஃபிரேம்வொர்க் எதையும் உள்ளே விடாதீர்கள். விட்டால் எரர் யாருடையது என்று தெரியாது.

சோதிக்கும்போது இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, கன்டெய்னர் சர்வரின் கடிகாரம் சும்மா விட்டால் உலகப் பொது நேரமான யூடிசியில் ஓடும். அதில் நேரச் சிக்கல் எதுவும் தலைகாட்டாது. ‘எங்களிடம் நன்றாகத்தானே ஓடுகிறது’ என்ற பதில் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. கன்டெய்னரை ஏற்றும்போதே டைம்சோனைச் சொல்லும் டீஇசட் மாறியை ஏசியா/கொல்கத்தா என்று கொடுங்கள். பிறகு சர்வருக்குள் போய் குளோபல், செஷன், சிஸ்டம் ஆகிய மூன்று டைம்சோன் மாறிகளையும் கேளுங்கள். முதல் இரண்டும் ‘சிஸ்டம்’ என்றும், மூன்றாவது ‘ஐஎஸ்டி’ என்றும் வந்தால் உங்கள் சோதனைக்களம் நிஜ சர்வரைப் போல இருக்கிறது.

இரண்டாவது பொறி கடவுச்சொல் தற்காலிகச் சேமிப்பு. அதைக் கீழே உள்ள மாதிரிப் பதிவிலேயே பார்க்கலாம்.

ஒரு பதிவை எழுதும் விதம்

ஒவ்வொரு சிக்கலுக்கும் நிரந்தர எண் கொடுங்கள். சிக்கல் தீர்ந்தாலும் அந்த எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்காதீர்கள். தலைப்பு உங்கள் விளக்கமாக இருக்கக்கூடாது. பிழைச்செய்தியே தலைப்பாக இருக்க வேண்டும். ‘அங்கீகாரச் சிக்கல்’ என்று யாரும் தேடுவதில்லை. தலைப்புக்குக் கீழே இந்த வரிசை: எந்த டிரைவர், எந்த சர்வர், எந்த நிலையில் வரும், ஏன் வருகிறது, இப்போதைக்கு என்ன செய்யலாம், அதன் ஆபத்து என்ன, நிரந்தரத் தீர்வு, சரியானதா என்று எப்படிப் பார்ப்பது, கடைசியாகச் சோதித்த தேதி. ஒன்றை முழுதாக எழுதிப் பார்ப்போம்.

*சிஜே-07: ‘பப்ளிக் கீ ரிட்ரீவல் இஸ் நாட் அலவ்ட்’*

*பாதிக்கப்படுபவை:* சர்வரில் பயனர் கணக்கு கேச்சிங்_ஷா2_பாஸ்வேர்ட் முறையில் இருந்து, இணைப்பில் குறியாக்கம் அணைக்கப்பட்டிருந்தால். சர்வர் 8.0 முதல் புதிதாக உருவாக்கும் கணக்குகள் இயல்பாக இந்த முறையில்தான் இருக்கும்.

*ஏன்:* இந்த முறையில் கடவுச்சொல்லைப் பாதுகாப்பான வழியில்தான் அனுப்ப முடியும். இணைப்பு குறியாக்கம் பெற்றிருந்தால் பிரச்சினை இல்லை. இல்லையென்றால் சர்வரின் ஆர்எஸ்ஏ பொதுச்சாவியை வாங்கி, அதால் பூட்டி அனுப்ப வேண்டும். முன்பின் தெரியாத இடத்திலிருந்து சாவியைக் கேட்டு வாங்க டிரைவர் இயல்பாக மறுக்கிறது.

*ஏன் சில நாள் மட்டும்:* ஒருமுறை வெற்றிகரமாக உள்நுழைந்தால் சர்வர் அந்தக் கணக்கின் சரிபார்ப்பைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். அதன்பின் சாவி தேவைப்படாது. சர்வரை மறுபடி தொடங்கினாலோ, ஃப்ளஷ் பிரிவிலேஜஸ் கொடுத்தாலோ, கடவுச்சொல்லை மாற்றினாலோ அந்த நினைவு அழியும். ‘நேற்று வரை ஓடியது, இரவு டேட்டாபேஸை ரீஸ்டார்ட் செய்தோம், காலையில் விழுந்துவிட்டது’ என்று புகார் வந்தால் இந்தப் பதிவைத்தான் காட்ட வேண்டும். சோதனையில் வரவழைக்க, ஃப்ளஷ் பிரிவிலேஜஸ் கொடுத்த உடனே இணையுங்கள்.

*தற்காலிக வழி:* அலவ்பப்ளிக்கீரிட்ரீவல் பண்பை ட்ரூ ஆக்கலாம். நடுவில் ஒருவன் நின்று தன் சாவியைக் கொடுத்தால் கடவுச்சொல் அவன் கைக்குப் போகும். சொந்தக் கணினியில் ஓடும் சோதனை சர்வருக்கு மட்டும் இது சரி.

*நிரந்தரத் தீர்வு:* முகவரியிலிருந்து யூஸ்எஸ்எஸ்எல்=ஃபால்ஸ் என்பதை எடுங்கள்; எஸ்எஸ்எல்மோட் பண்பை ரெக்வயர்ட் அல்லது அதற்கு மேல் வையுங்கள். குறியாக்கம் முடியாத இடத்தில் சர்வரின் பொதுச்சாவிக் கோப்பை முன்பே கொண்டுவந்து சர்வர்ஆர்எஸ்ஏபப்ளிக்கீஃபைல் பண்பில் அதன் பாதையைக் கொடுங்கள்.

*சரிபார்ப்பு:* ஃப்ளஷ் பிரிவிலேஜஸ் கொடுத்த பின்னும் முதல் முயற்சியிலேயே இணைய வேண்டும்.

இந்தப் பதிவின் உயிர் ‘ஏன் சில நாள் மட்டும்’ என்ற பத்தியில் இருக்கிறது. அது இல்லாவிட்டால் படிப்பவர் ஒருமுறை இணைந்ததைப் பார்த்துவிட்டுச் சரியாகிவிட்டது என்று போய்விடுவார். இன்னொன்றையும் கவனியுங்கள்: யூஸ்எஸ்எஸ்எல்=ஃபால்ஸ் அந்த முகவரியில் ஏன் இருக்கிறது? 5.1இன் பிற்காலப் பதிப்புகள், சர்வரின் அடையாளத்தைச் சரிபார்க்காமல் எஸ்எஸ்எல் இணைப்பு ஏற்படுத்துவது நல்லதல்ல என்று லாகை எச்சரிக்கையால் நிரப்பின. அந்தச் சத்தத்தை அடக்க அன்று ஒட்டியதுதான் அது. உங்கள் பழைய ஆவணமே அதை ஒட்டச் சொல்லியிருக்கும், தேடிப் பாருங்கள்.

மற்ற பதிவுகளில் தவறவிடக்கூடாதவை

*‘கம்யூனிகேஷன்ஸ் லிங்க் ஃபெயிலியர்’.* இது ஒரு சிக்கல் அல்ல, பல சிக்கல்கள் போட்டுக்கொள்ளும் ஒரே சட்டை. பதிவின் முதல் வரியிலேயே ‘ஸ்டாக் டிரேஸின் அடியில் உள்ள கடைசி காஸ்ட் பை வரியைப் பாருங்கள்’ என்று சொல்லிவிட்டு, அங்கிருந்து கிளை பிரியுங்கள். எஸ்எஸ்எல் ஹேண்ட்ஷேக், ‘நோ அப்ரோப்ரியேட் புரோட்டோகால்’ என்று முடிந்தால் டிஎல்எஸ் கிளை: 2021 ஏப்ரல் ஜாவா மேம்படுத்தல்கள் டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டையும் இயல்பாக அணைத்தன. டிரைவரையும் தொடவில்லை, சர்வரையும் தொடவில்லை, ஜாவா (ஜேடிகே) மட்டும் தானாக ஏறியது, இணைப்பு அறுந்தது. டிரைவரை உயர்த்துவதே தீர்வு. அதுவரை இனேபிள்ட்டிஎல்எஸ்புரோட்டோகால்ஸ் பண்பில் டிஎல்எஸ் 1.2 என்று கொடுக்கலாம், சர்வர் அதை ஏற்கும் என்றால். ஜாவாவின் பாதுகாப்புக் கோப்பைத் திருத்திப் பழைய டிஎல்எஸ்ஸைத் திறக்கும் வழியை ஆவணத்தில் எழுதாதீர்கள். அந்தக் கணினியில் ஓடும் எல்லா ஜாவாவுக்கும் அது கதவைத் திறந்துவிடும்.

செய்தியில் ‘கடைசி பாக்கெட் இத்தனை மில்லிசெகண்டுக்கு முன் வந்தது’ என்று பெரிய எண் இருந்தால் இன்னொரு கிளை: சர்வரின் வெயிட்_டைம்அவுட் இயல்பாக 28,800 விநாடி, அதாவது 8 மணி நேரம். இரவெல்லாம் சும்மா கிடந்த இணைப்பை சர்வர் மூடிவிட்டது. இணைப்புகளைத் திறந்து சேர்த்து வைத்திருக்கும் பூல் அதை உயிரோடு இருப்பதாக நினைத்துக் காலையில் எடுத்துக் கொடுத்தது. பூலின் மேக்ஸ்லைஃப்டைம் சர்வரின் வரம்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும். ஹிகாரிசிபி என்ற பூலில் அது இயல்பாக 30 நிமிடம். சர்வர்காரர் வெயிட்_டைம்அவுட்டை 10 நிமிடமாகக் குறைத்திருந்தால் அதுவும் போதாது. பழைய பக்கத்தில் ஆட்டோரீகனெக்ட்=ட்ரூ என்று இருந்தால் அடித்துவிடுங்கள். நடுவில் அறுந்த பரிவர்த்தனை பாதியில் கிடக்க, செஷன் நிலை தொலைந்த புது இணைப்பில் மிச்சம் ஓடும்.

*‘அன்நோன் சிஸ்டம் வேரியபிள் குவெரி_கேச்_சைஸ்’.* 5.1இன் பழைய டிரைவர்கள் இணைந்தவுடன் இந்த மாறியைக் கேட்கும், சர்வர் 8.0.3இல் குவெரி கேச் நீக்கப்பட்டது. டிஎக்ஸ்_ஐசொலேஷன் என்று வந்தாலும் இதே கதை. சர்வர் பக்கம் செய்ய ஒன்றுமில்லை, டிரைவரை உயர்த்த வேண்டும்.

*ஸீரோடேட்டைம்பிஹேவியர் மதிப்பை ஏற்க முடியாது என்ற எரர்.* 5.1இல் கன்வர்ட்டுநல் என்று சேர்த்து எழுதிய மதிப்பு, 8.0இல் பெரிய எழுத்தில் அடிக்கோடு போட்டு கன்வர்ட்_டு_நல் ஆனது. பழைய ஐடிஇக்கள் தாமே எழுதி வைத்த முகவரிகளில் இது ஒளிந்திருக்கும்.

*கிளாஸ் கிடைக்கவில்லை என்பவை.* டிரைவர் கிளாஸின் பழைய பெயருக்கு ஓர் எச்சரிக்கை மட்டும் வரும், வேலை நடக்கும். ஆனால் பழைய ‘ஜேடிபிசி2.ஆப்ஷனல்’ தொகுப்பில் இருந்த மைஎஸ்கியூஎல்டேட்டாசோர்ஸ் அங்கே இல்லை, ‘சிஜே.ஜேடிபிசி’க்கு நகர்ந்துவிட்டது. மைஎஸ்கியூஎல்இன்டெக்ரிட்டிகன்ஸ்ட்ரெய்ன்ட்வயலேஷன்எக்செப்ஷன் என்பதைப் பிடித்து ‘இந்த மின்னஞ்சல் ஏற்கெனவே உள்ளது’ என்று காட்டிய நிரல், இனி ஜாவாவின் சொந்த எஸ்கியூஎல்இன்டெக்ரிட்டிகன்ஸ்ட்ரெய்ன்ட்வயலேஷன்எக்செப்ஷனைப் பிடிக்க வேண்டும்.

மாற்ற வழிகாட்டியின் இதயம்: சத்தமில்லாதவை

நேரத்திலிருந்து தொடங்குங்கள். 5.1 இயல்பாக நேரத்தை மாற்றாமல் ஜாவா பக்கம் தெரிந்தபடியே எழுதிவிடும். 8.0.22 வரையிலான 8.0 பதிப்புகள் சர்வரின் டைம்சோனைக் கேட்டு, இரண்டுக்கும் நடுவில் மாற்றிக் கொடுக்கும். இந்திய நேரத்தில் அமைத்த லினக்ஸ் சர்வர் ‘ஐஎஸ்டி’ என்று பதில் சொல்லும். இந்தியா, இஸ்ரேல், அயர்லாந்து மூன்று நாட்டுக்காரர்களும் தங்கள் நேரத்துக்கு ஐஎஸ்டி என்ற குறுக்கத்தையே வைத்திருப்பதால், டிரைவர் ‘இந்த மதிப்பு அடையாளம் தெரியவில்லை அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட டைம்சோன்களைக் குறிக்கிறது’ என்று நின்றுவிடும். (அந்த ஆங்கிலச் செய்தியில் சில பதிப்புகளில் ‘ஸ்பெசிஃபிக்’ என்ற சொல்லில் ஓர் ‘ஐ’ விடுபட்டிருக்கும். ஆவணத்தில் திருத்தாதீர்கள், தேடுபவர் அந்தப் பிழையோடுதான் ஒட்டித் தேடுவார்.)

இதுவரை எரர்தான், சத்தம் உண்டு. சத்தமில்லாத பகுதி இனிமேல். எரரைப் பார்த்தவர் இணையத்தில் கிடைத்த சர்வர்டைம்சோன்=யூடிசி என்பதை ஒட்டுகிறார். எரர் மறைகிறது. ஜாவா இந்திய நேரத்தில் ஓடுகிறது. காலை 10:00 மணி டைம்ஸ்டாம்ப் ஒன்றை எழுதுகிறார். டிரைவர் அதை யூடிசிக்கு மாற்றி 04:30 என்று சேமிக்கிறது. திரும்பப் படித்தால் 04:30ஐ மறுபடி மாற்றி 10:00 என்றே காட்டுகிறது, ஆகவே திரையில் பார்த்தால் எல்லாம் சரி. ஆனால் 5.1 காலத்தில் 10:00 என்று எழுதிய பழைய வரி இப்போது 15:30 என்று தெரிகிறது. அதே டேபிளை வேறு மொழியில் படிக்கும் அறிக்கைக் கருவிக்குப் புது வரிகள் அதிகாலையில் நடந்தவையாகத் தெரிகின்றன. நள்ளிரவை ஒட்டிய பில்கள் முந்தைய நாள் கணக்கில் விழுகின்றன.

வழிகாட்டியில் எழுத வேண்டியது: 8.0.22 அல்லது அதற்கு முந்தையது என்றால் சர்வர்டைம்சோன்=ஏசியா/கொல்கத்தா. முடிந்தால் அந்தப் பதிப்புகளில் நிற்கவே வேண்டாம், 8.0.23க்கு மேல் போங்கள். அங்கே கனெக்ஷன்டைம்சோன் இயல்பாக லோக்கல், எரரே வராது. ஏற்கெனவே யூடிசி ஒட்டியிருப்பவருக்குத் தனிப் பத்தி எழுதுங்கள். அவர் பண்பை எடுத்தால் யூடிசியோடு எழுதிய வரிகள் பின்தங்கித் தெரியும்.

இந்தப் படிக்குக் கட்டாயச் சோதனை ஒன்றை இணையுங்கள். மாற்றத்துக்கு முன் முக்கியமான டேபிளில் பத்து வரிகளைத் தேர்ந்து, நேரத்தைச் சர்வரின் கட்டளைவரியில் ஒருமுறை, பயன்பாட்டின் வழியாக ஒருமுறை குறித்து வையுங்கள். மாற்றிய பின் அதே பத்தும், புதிதாக எழுதிய ஒன்றும். வித்தியாசம் 0 என்றால் மேலே போகலாம். 330 நிமிடம் என்றால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

அடுத்தது நல்கேட்டலாக்மீன்ஸ்கரன்ட். 5.1இல் இது இயல்பாக ட்ரூ, 8.0இல் ஃபால்ஸ். மெட்டாடேட்டாவிடம் டேட்டாபேஸ் பெயர் சொல்லாமல் டேபிள் பட்டியல் கேட்டால், முன்பு இணைந்திருக்கும் டேட்டாபேஸில் மட்டும் பார்த்தது, இப்போது அந்தப் பயனர் கண்ணுக்குத் தெரியும் எல்லா டேட்டாபேஸிலும் பார்க்கிறது. டேபிளைத் தானே உருவாக்கும் கருவிகள் இதில் ஏமாறும்: பக்கத்து டேட்டாபேஸில் அதே பெயரில் டேபிள் இருந்தால் ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று நினைத்து உருவாக்காமல் விடும், பிறகு முதல் வினவலில் டேபிளைக் காணோம் என்று விழும். ஆக்டிவிட்டி, ஃப்ளோவபிள் போன்ற பணியோட்ட இன்ஜின்களில் இது அடிக்கடி நடக்கும். பண்பை ட்ரூ ஆக்குங்கள். அல்லது ஒரு பயனருக்கு ஒரு டேட்டாபேஸ் மட்டும் தெரியும்படி உரிமையைக் குறையுங்கள். இரண்டாவதுதான் சுத்தமான வழி.

மூன்றாவது, 8.0.23இன் லோக்கல்டேட்டைம். நிரல் கம்பைல் ஆகும், சோதனைகள் பாதி பாஸ் ஆகும். மேப்பாக வரும் வரிகளிலிருந்து எடுத்து டைம்ஸ்டாம்ப்பாக காஸ்ட் செய்யும் ஒரே ஓர் அறிக்கை மாதக் கடைசியில் விழும். வழிகாட்டியில் ‘நிரல் முழுதும் டைம்ஸ்டாம்ப் காஸ்ட்டைத் தேடு’ என்று ஒரு படி வையுங்கள். எல்லாவற்றையும் உடனே திருத்த முடியாதவருக்கு 8.2.0இல் வந்த ட்ரீட்மைஎஸ்கியூஎல்டேட்டைம்ஆஸ்டைம்ஸ்டாம்ப் பண்பு கைகொடுக்கும்.

படிகளின் வரிசை

1. இரண்டு ஜார்கள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குரூப் ஐடி மாறியதால் மேவனுக்குப் பழையதும் புதியதும் வேறு வேறு நூலகங்கள். இரண்டும் கிளாஸ்பாத்தில் ஏறும், எச்சரிக்கை வராது. பழைய டிரைவர் கிளாஸ் பெயர் இரண்டு ஜாரிலும் உண்டு, இரண்டும் ஒரே முகவரி முன்னொட்டை ஏற்கும். எது முந்துகிறதோ அது பேசும். ஒரு பயன்பாட்டு சர்வரில் புதியது, இன்னொன்றில் பழையது. மேவன் டிபென்டென்சி ட்ரீயில் ‘மைஎஸ்கியூஎல்-கனெக்டர்’ என்று தேடி ஒன்றை விலக்குங்கள். பயன்பாட்டு சர்வரான டாம்கேட்டின் லிப் அடைவையும் கையால் திறந்து பாருங்கள். அது மேவனுக்குத் தெரியாது.

2. டிரைவரை முதலில் மாற்றுங்கள், சர்வரைப் பிறகு. 8.0 டிரைவர் 5.7 சர்வரோடு பேசும். இரண்டையும் ஒரே இரவில் மாற்றினால் எது உடைத்தது என்று யாரும் சொல்ல முடியாது. 9 வரிசை டிரைவருக்கு சர்வர் 8.0 அல்லது மேல் வேண்டும், ஆகவே 5.7இல் இருப்பவரின் பாதை: டிரைவர் 8, பிறகு சர்வர் 8, பிறகு டிரைவர் 9.

3. இணைப்பு முகவரியைப் பண்பு பண்பாகப் பிரித்து, ஒவ்வொன்றும் இன்றும் தேவையா என்று எழுதுங்கள். யூஸ்லெகஸிடேட்டைம்கோட் நீக்கப்பட்டுவிட்டது, யூஸ்எஸ்எஸ்எல், ரெக்வயர்எஸ்எஸ்எல் இரண்டுக்கும் பதில் எஸ்எஸ்எல்மோட்.

4. பத்து வரி நேரச் சோதனை, முன்னும் பின்னும்.

5. ஒரே ஒரு பயன்பாட்டு சர்வரில் மாற்றி, ஒரு முழு நாள் விடுங்கள். இரவுப் பணிகளும் எட்டு மணி நேர ஓய்வும் அதற்குள் வந்து போயிருக்க வேண்டும்.

திரும்பிப் போகும் பகுதியைப் பலர் ‘பழைய ஜாரை வைக்கவும்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். ஜார் திரும்பும், இடையில் எழுதிய தரவு திரும்பாது. யூடிசி பண்போடு ஓடிய நேரத்தில் டிரைவர் எழுதிய வரிகள் 330 நிமிடம் பின்தங்கியிருக்கும். அதே டேபிளில் கரன்ட்_டைம்ஸ்டாம்ப் இயல்பு மதிப்பாலோ நவ் செயலியாலோ சர்வரே எழுதிய நெடுவரிசைகள் சரியாகவே இருக்கும். மொத்தமாக 330 நிமிடம் கூட்டினால் சரியானவை கெட்டுவிடும். ஆகவே வழிகாட்டியில் முன்கூட்டியே ஓர் அட்டவணை வேண்டும்: எந்த டேபிள், எந்த நெடுவரிசை, எழுதுவது பயன்பாடா சர்வரா. மாற்றம் தொடங்கிய நேரத்தையும் சர்வர் கடிகாரப்படி குறித்து வைக்கச் சொல்லுங்கள். திருத்தும் வினவலின் எல்லை அதுதான்.

வெளியிடும்போது

பழைய 5.1 பக்கத்தை அழிக்காதீர்கள். அதை இன்னும் ஓட்டுபவர் இருப்பார்; டிக்கெட்டுகளிலும் மின்னஞ்சல்களிலும் அதன் முகவரி கிடக்கும். தலையில் ‘இது 5.1க்கு மட்டும்’ என்று பட்டை கட்டி, புதிய பக்கத்துக்கு இணைப்பு கொடுங்கள். தீர்ந்த சிக்கலையும் நீக்காமல், எந்தப் பதிப்பில் தீர்ந்தது என்ற வரியோடு கீழே இறக்குங்கள்.

பக்கத்தை நிரலின் களஞ்சியத்திலேயே வைத்தால், டிரைவர் பதிப்பு எண்ணை மாற்றும் புல் ரிக்வெஸ்ட்டில் ஆவணக் கோப்பும் மாறியிருக்கிறதா என்று தானாகவே கேட்க முடியும். மாறாவிட்டால் பில்டை நிறுத்துங்கள். சரிபார்க்க இருவர் வேண்டும்: ஒரு டேட்டாபேஸ் நிர்வாகி (டிபிஏ), ஒரு சப்போர்ட் ஆள். டிபிஏ காரணம் சரியா என்று பார்ப்பார். சப்போர்ட் ஆளிடம் பக்கத்தைக் காட்டாமல் பிழைச்செய்தியை மட்டும் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். அவருக்குக் கிடைக்காத பதிவின் தலைப்பை மறுபடி எழுதிவிட்டு, 12 கட்டச் சோதனையை அடுத்த டிரைவர் வெளியீட்டுக்குக் காலண்டரில் போட்டு வையுங்கள்.